கீழே விழுந்தால் யாருக்குச் செய்தி போகிறது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், நீ சுகமா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எல்லாரும் சுகம் இல்லை. உங்கப்பா இடது கையைத் துணியில் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் சாப்பாட்டு மேசையில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். யாருக்கு எழுதற என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். உங்க கூட்டுக் களவாணிக்குத்தான் என்றேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் என் கோபம் போய்விடும், அது போவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாக வேண்டும். அதனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியில் கூப்பிட்டாயானால் எடுக்க மாட்டேன்.

முதலில் இருந்தே வருகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் நடந்ததில் உனக்குத் தெரிந்தது ஒன்று, எனக்குத் தெரிந்தது ஒன்று என்று ஆகிப்போய்விட்டது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரில் இருக்கிற மாடியெல்லாம் ஏறி இறங்கின மனுஷன், ஓய்வு பெற்ற மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, சர்க்கரை ஏறிக்கொண்டே போயிற்று, நடங்க என்று டாக்டர் சொன்னால் முட்டி வலிக்கிறது என்றார். வெளிநாட்டில் ஆபீஸுக்கே சைக்கிளில் போகிற நீதான் அங்கிருந்தபடியே அவருக்கும் ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு பண்ணினாய். பெட்டி வந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஸ்பானரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை முட்டி வலியே இல்லாமல் பூட்டினார். சைக்கிளோடு நீ அனுப்பின மற்ற சாமான்களைச் சொல்ல வேண்டுமா, ஹெல்மெட், கையுறை, முட்டிக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, பின்னால் வருகிறவனைப் பார்க்கக் கண்ணாடி, முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு விளக்கு, போதாததற்குக் கண்ணைக் குத்துகிற மஞ்சளில் ஒரு கையில்லாச் சட்டை. அத்தனையும் மாட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றபோது ரோடு போடுகிறவர்கள் யாரோ வழி கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சிரித்தேன், நீயும் வீடியோவில் பார்த்துச் சிரித்தாய். கூடவே நீ அனுப்பின வாட்சைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. மணி காட்டும், எத்தனை மைல் போனோம் என்று காட்டும் என்றார். கீழே விழுந்தால் அதுவே கண்டுபிடித்து, ஒரு நிமிஷம் துடித்துப் பார்த்து, கையை அசைத்துப் பதில் சொல்லாவிட்டால் ஒரு நம்பருக்குச் செய்தி அனுப்பிவிடும் என்று எனக்குப் போன வியாழக்கிழமைதான் தெரியும். அந்த நம்பர் உன்னுடையது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே எடுத்துக் காட்டுவாய், உன் வாய் எனக்குத் தெரியாதா. சைக்கிள் வந்து ஒரு மாதத்தில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றார். நான் மருந்து போட்டேன், சங்கிலியை எடுத்தேன், சைக்கிளை மாடிப்படிக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினேன், சாவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டேன். இருபத்தாறு வருஷமாக மாவுக்கட்டு அறையில் நிற்கிறவள் நான். உடைந்த எலும்பைத் தவிர வேறு எதையும் பார்க்காதவளிடம் போய் காற்று வாங்கிட்டு வரேன், ரெண்டு ரவுண்டு போயிட்டு வரேன் என்றால் எப்படி இருக்கும். அந்தப் பூட்டு பதினாறு நாள் இருந்தது. பதினாறு நாளும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார், நான் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தேன். பதினேழாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனால், என்னம்மா நல்லா எறங்கிட்டிருந்த சர்க்கரை மறுபடி ஏறுது, சாரை என்ன பண்ணினீங்க என்று டாக்டர் என்னைக் கேட்கிறார். வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்தேன். பூங்காவை மட்டும் சுத்தணும், அதைத் தாண்டினா காலை ஒடிச்சிடுவேன் என்றேன். கட்டுப் போடுகிறவளே ஒடிக்கிறேன் என்றதும் சரி சரி என்று தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டு என்ன பண்ணினார் என்று உனக்குத்தான் தெரியுமே. பூங்கா அலுத்துப்போய் ஏரிக்கரை, ஏரிக்கரை அலுத்துப்போய் தண்ணீர்த் தொட்டி மேடு. எனக்குச் சொன்னது பூங்காவை ஒட்டின நூலகம். ஒரே புத்தகம் மூன்று வாரமாக மேசையில் கிடந்தது, அடையாளம் வைத்த காகிதம் ஒரு பக்கம் நகரவில்லை, நான் கவனிக்கவில்லை. வெயில் கொளுத்துகிற நாளில் முழுக்கைச் சட்டை போட்டார், கவனிக்கவில்லை. பிளாஸ்திரி டப்பா காலியாகிக்கொண்டே வந்தது, நானே எடுத்திருப்பேன் என்று நினைத்தேன். ஊரார் எலும்பில் மயிரிழை விரிசலைக்கூடப் படத்தில் கண்டுபிடிக்கிற கண் இது. இதை நினைத்தால் உன்மேல் வருகிற கோபத்தில் கொஞ்சம் என்மேலும் திரும்புகிறது, அதனால் மேலே போகிறேன்.

வியாழக்கிழமை எனக்கு விடுப்பு. ஒன்பதரைக்கு நூலகம் என்று கிளம்பினார். தொட்டி மேட்டில் இருந்து பின்பக்கமாக இறங்குகிற அந்தச் சரிவு உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னவளாக இருந்தபோது நடந்து இறங்குவதற்கே என் கையைப் பிடிப்பாய். பொடிக்கல் கொட்டிக் கிடக்கிற அந்தச் சரிவில் அறுபத்துமூன்று வயசுக்காரர் சைக்கிளில் இறங்கியிருக்கிறார். பாதியில் பயம் வந்து முன் பிரேக்கைப் பிடித்தார், வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. தோள்பட்டைக் காறை எலும்பு உடைந்தது, முட்டி திருகிக்கொண்டது, சைக்கிள் காலின் மேல் கிடந்தது, போன் தெறித்துப் புதருக்குள் போய்விட்டது. எழுந்தால் தலை சுற்றுகிறது, கத்தினால் கேட்க ஆள் இல்லை. மணி பத்தே காலுக்கு வாட்ச் தன் வேலையைச் செய்தது. உனக்கு அங்கே விடிந்திருந்த நேரம். நீ அந்தச் செய்தியைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, அப்பா ஓகேயா என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குளிக்கப் போனாய்.

நான் அப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நம் மாடியில் இருந்து தொட்டியும் தெரியும், சரிவின் மேல்பாதியும் தெரியும். அவருடைய சட்டையை உதறிக் கொடியில் போடும்போது அந்தப் பக்கம் பார்த்தேன். சரிவில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. தொட்டி வேலைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் விரிப்பு காற்றில் பறந்துவந்து விழுந்திருக்கிறது, எடுத்து மடித்து வைக்கக்கூட ஆள் இல்லை, என்ன வேலை பார்க்கிறார்களோ என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தேன். கவனித்துப் படி, நான் பார்த்தேன். அந்தச் சட்டையைக் கண்டுபிடித்தவன் எதற்காகக் கண்டுபிடித்தானோ அதற்கே அது பயன்பட்டது, தூரத்தில் இருந்து என் கண்ணில் பட்டது. என் வீட்டுக்காரர் நூலகத்தில் இருக்கிறார், அதனால் அது அவராக இருக்க முடியாது, அவ்வளவுதான். தொட்டிக்கும் நம் வீட்டுக்கும் நடந்தால் ஆறு நிமிஷம். நான் ஓடினால் நாலு. ஐம்பது நிமிஷம் அவர் அங்கே கிடந்தார், அதில் அரைமணி நேரம் நான் அவரைப் பார்த்தபடி துணி உலர்த்தினேன்.

பதினொரு மணி தாண்டித் தண்ணீர் திறந்துவிட வந்த வால்வுக்காரர்தான் பார்த்தார். அவர் யாரையோ கூப்பிட்டு ஒரு சின்ன சரக்கு வண்டியில் படுக்கவைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருக்கிறார். கட்டு அறையில் என்கூட வேலை பார்க்கிற பையன்தான் கூப்பிட்டான், அக்கா, மாமா இங்க இருக்காரு, நீங்க பதறாம வாங்க என்றான். விடுப்பு நாள் என்று மறந்துவிட்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் போல, வயசாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே, அப்படியே உக்காரச் சொல்லுடா என்றேன். இல்லக்கா, படுத்திருக்காரு என்றான். எத்தனை பேர் வீட்டுக்கு நான் அப்படிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன், பதறாம வாங்க என்று. இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன் என்று அங்கே போய்ப் பார்த்தால் ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது.

ஹெல்மெட்டைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள், இடப்பக்கம் நெடுக விரிந்திருக்கிறது. இது இல்லன்னா இன்னிக்கு நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம் சிஸ்டர் என்றார் எலும்பு டாக்டர். நீ அனுப்பினதுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது, அதை மறைத்துப் பேச எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஆனால் இதையும் கேள். வெறுந்தலையோடு, வெறும் சட்டையோடு இருந்திருந்தால் இந்த மனுஷன் அந்தச் சரிவின் பக்கம் திரும்பியிருப்பாரா. அதான் எல்லாம் போட்டிருக்கேனே என்று அவரே வாயைத் திறந்து சொன்னார், கட்டிலில் படுத்துக்கொண்டு. தலைக்குத் தொப்பி போட்டால் புத்திக்கு விடுமுறை விட்டுவிடலாம் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் யார் சொல்லிக் கொடுத்தது. யோசித்துப் பார், அன்றைக்கு ஹெல்மெட் தன் வேலையைச் செய்தது, சட்டை தன் வேலையைச் செய்தது, வாட்ச் ஒரு நிமிஷம்கூடத் தவறாமல் தன் வேலையைச் செய்தது. வேலை செய்யாமல் போனது நாம் மூன்று பேரும்தான்.

மத்தியானம் நீ கூப்பிட்டாய். அழுதுகொண்டே நீ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, இந்தத் தடவையும் ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேம்மா என்றாய். இந்தத் தடவையும். வராந்தாவில் நின்றுகொண்டு அந்த ஒரு ‘உம்’மைக் கேட்டேன். அப்புறம் தோண்டத் தோண்ட வந்தது, ஒரு தடவை வாட்சைக் கீழே போட்டாராம், ஒரு தடவை நாய்க்காகச் சட்டென்று நிறுத்தினாராம், ஒரு தடவை நிஜமாகவே ஏரிக்கரையில் விழுந்தாராம். மூன்று தடவையும் உனக்குச் செய்தி வந்தது, மூன்று தடவையும் அவர் கட்டைவிரல் படம் போட்டார், நீ இதயம் படம் போட்டாய். அதனால் நாலாவது தடவை கட்டைவிரல் வரட்டும் என்று காத்திருந்தாய். வராதபோதும் எனக்குக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். உன்கிட்ட சொன்னா நீ சைக்கிளைப் பூட்டிடுவன்னு அப்பா சொன்னாரும்மா என்றாய். ஐம்பது நிமிஷம், மகளே. என் வாய்க்குப் பயந்துகொண்டு இரண்டு பேரும் அவர் உயிரைப் பணயம் வைத்தீர்கள். நான் அவ்வளவு பெரிய பூதமா. கேட்கிறேன், ஆனால் பதில் எனக்கே தெரியும், பூட்டியிருப்பேன். நிச்சயமாகப் பூட்டியிருப்பேன். அது தெரிந்ததால்தான் ராத்திரி படுத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவரைச் சும்மா விட்டேன் என்று நினைக்காதே. கட்டு முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்ததும் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். லிஃப்ட் ஓடுகிற கிணற்றுக்குள் இறங்கும்போது மேலே ஒரு ஆள் நிற்காமல் நீங்கள் என்றைக்காவது இறங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை என்று அதிலும் பெருமையாகச் சொன்னார். அந்த ஆள் எங்கே நிற்பான் என்றேன். கூப்பிட்டா கேக்கற தூரத்துல என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் நிறுத்துவீங்களா என்றேன். கழுத்துத் துணியைச் சரிபண்ணிக்கொண்டே, அவகிட்ட சொன்னா கேட்டுக்குவா, உன்கிட்ட சொன்னா கத்துவ என்றார். கத்தினேன்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடு, வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் மிதிக்கிற மெஷின் ஒன்று அனுப்புகிறேன் என்று நேற்று அவருடைய போனில் அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி பேசுவதாக நினைப்பா. மனுஷனை வெளியே இழுத்துவிட்டவளும் நீ, இப்போது பயந்துபோய் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறவளும் நீ. ஒன்று சொல்கிறேன், சைக்கிளில் இருந்து விழுந்து என் மேசைக்கு வருகிறவர்களைவிடக் குளியலறையில் வழுக்கி வருகிறவர்கள் அதிகம், பரண்மேல் ஏறி விழுந்தவர்கள் அதிகம். எதிலும் ஏறாமல், எங்கும் போகாமல், நாற்காலியிலேயே உட்கார்ந்து எலும்பு உளுத்துப்போய் இருமினதற்கே முதுகெலும்பு உடைந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தக் கட்டும் போட முடியாது. பூட்டின பதினாறு நாளில் அவர் எப்படி இருந்தார் என்று நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. எலும்பு கூடட்டும், டாக்டர் சரி என்று சொல்லட்டும், அவர் மறுபடி ஏறுவார். ஏரிக்கரை வரைக்கும் போகலாம். சரிவுக்குப் போகக் கூடாது, பிரேக்கை வாராவாரம் பார்க்க வேண்டும், புது ஹெல்மெட் வாங்க வேண்டும், எங்கே போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பதிலுக்கு நான் பூட்ட மாட்டேன், கத்துவேன், ஆனால் பூட்ட மாட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் அவர் திரும்பி வருகிற வரைக்கும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன், நடந்துவிட்டுப் போகிறேன். அந்த வாட்சில் உன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடு. கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறதாமே, என் வீட்டுக்காரர் விழுந்தால் எனக்குத் தெரிவதற்கு உன் அனுமதி வேண்டியிருக்கிறது பார்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அந்த நம்பரை எங்கே மாற்றுவது என்று பார்க்க நேற்று அவர் போனை எடுத்தேன், தேடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டு மாசத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. உன் கையிலும் இருக்கிற அதே மாதிரி வாட்சில் இருந்து அவருக்கு வந்த செய்தி. இவர் கீழே விழுந்திருக்கலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே உங்கப்பா வரிசையாக எழுதியிருக்கிறார், என்னம்மா ஆச்சு, எங்கே இருக்கே, பதில் போடும்மா, ஒரு வார்த்தை போடும்மா. பதினான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார். முப்பத்தைந்து நிமிஷம் கழித்து உன் பதில், மழையில் வழுக்கிருச்சுப்பா, கொஞ்ச நேரம் மயக்கமா இருந்துச்சு, இப்ப ஓகே, அம்மாகிட்ட சொல்லாதே. எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் இருக்கிறது. நான் சமையலறையில் இருந்தேன், அவர் இரண்டு தடவை வந்து தண்ணீர் கேட்டார், கொடுத்ததைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன என்றேன், ஒண்ணுமில்ல என்றார். மயக்கமாக ரோட்டில் கிடந்தாய் நீ, உன் வாட்ச் அத்தனை ஊர் தாண்டி, அத்தனை கடல் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம் வந்து சொன்னது. அவர் எழுந்து எங்கே ஓடுவார், சொல். வாசல் வரைக்கும் ஓடலாம்.

அதனால் உன் வாட்சில் இருந்தும் அவர் நம்பரை எடு. என் நம்பரைப் போடாதே, நானும் ஓடி வர முடியாது. அங்கே உன் பக்கத்தில் இருக்கிற யாருடைய நம்பரையாவது போடு, மாடி வீட்டுக்காரர், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரி, நீ சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுக்கிற கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாவது உனக்காக ஓடி வருகிற ஒரு ஆள். நாலு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய். இதைப் படித்ததும் யார் பெயர் உன் நினைவுக்கு வருகிறது என்று பார். ஒரு பெயரும் வரவில்லை என்றால் அதை என்னிடம் மறைக்காதே. நீ சைக்கிளில் போவதைப் பற்றி எனக்கு இனிமேல் பயம் இல்லை, அந்த ஒன்றைப் பற்றித்தான் பயம்.

உன் எலும்பு எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நீ நூறு வயசு வரைக்கும் மிதித்துக்கொண்டே இரு, போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல வழியாக அமையட்டும். விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதே, உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது, புதிதாக வாங்கு. ஈர ரோட்டில் மெதுவாகப் போ. அப்பா ஏதோ சேர்த்து எழுத வேண்டும் என்கிறார், இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெயர் கிடைத்ததும் எனக்குச் சொல். இந்த ஒரு தடவையாவது அவருக்கு முன்னால் எனக்குச் சொல்.

கோபமும் பிரியமும் குறையாமல்,
உன் அம்மா